மூடிய கதவும் திறந்த கதவும்

(சங்கத்தின் வருடாந்திரப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம். வர இயலாத வெளியூர் அங்கத்தினர்கள் கேட்டுக்கொண்டதற்கிணங்க இங்கே வெளியிடப்படுகிறது.)

 

தலைமைப் பொறுப்பைப் பற்றி அரை மணி நேரம் பேச வேண்டும் என்று செயலாளர் உத்தரவு போட்டுவிட்டார். நான் தலைவன் என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. பி.எஸ்ஸி.யில் பௌதிகம் படித்து, 1970-களின் தொடக்கத்தில் மத்திய சர்க்கார் உத்தியோகத்தில் சேர்ந்து, வடக்கே நான்கைந்து ஊர்களில் ஃபைல் பார்த்து ரிடையர் ஆனவன். ஆனால் பலவிதமான மேலதிகாரிகளின் கீழ் வேலை பார்த்திருக்கிறேன். நாற்காலியில் உட்காருகிறவரை விட எதிரே நிற்கிறவனுக்குத்தான் நாற்காலியைப் பற்றி அதிகம் தெரியும். அந்தத் தகுதியில் பேசுகிறேன்.

பொறுப்பில் இருப்பவர்களைப் பற்றி இரண்டு புகார்கள் எப்போதும் உண்டு. ஒன்று, "எப்போ பார்த்தாலும் வேலை, வேலை. நிமிர்ந்து பார்க்க மாட்டார்." இன்னொன்று, "எல்லாரோடும் நன்றாகப் பேசுவார். காரியம்தான் ஒன்றும் நடக்காது." ஆழ்ந்து வேலை செய்வதா, மனிதர்களுக்குக் கிடைப்பவராக இருப்பதா? இரண்டும் ஒருவரிடம் சேர்ந்து இருக்க முடியுமா? இன்று இதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

பௌதிகம் படித்தவன் என்பதால் கண்ணிலிருந்து தொடங்குகிறேன். நம் கண்ணுக்குள் ஒரு லென்ஸ் இருக்கிறது. கையில் உள்ள புத்தகத்தைப் படிக்கும்போது அதைச் சுற்றியுள்ள தசை சுருங்கி, லென்ஸ் சற்றுக் குண்டாகிறது. நிமிர்ந்து தெருக்கோடியைப் பார்த்தால் தசை தளர்ந்து, லென்ஸ் தட்டையாகிறது. ஒரே சமயத்தில் இரண்டும் தெளிவாகத் தெரியாது. ஆனால் நல்ல கண் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சட்டென்று மாறிக்கொள்ளும். நாற்பது வயதுக்கு மேல் லென்ஸ் இறுகிப்போகிறது, மாறும் சக்தி குறைகிறது. அதைத்தான் வெள்ளெழுத்து என்கிறோம். இந்தச் சபையில் அதற்கு விளக்கம் தேவையில்லை; எல்லோர் மூக்கிலும் கண்ணாடி தெரிகிறது!

வெள்ளெழுத்து வந்தவருக்குத் தூரப்பார்வை கெடவில்லை. கெட்டது மாறும் சக்திதான். பொறுப்பில் உள்ளவர்களுக்கும் பல சமயம் இதுதான் நேர்கிறது. அவர்களுக்கு அறிவும் உண்டு, அன்பும் உண்டு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறத்தான் முடிவதில்லை.

நம் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பெயரைச் சொல்கிறேன். ஸர் சி.வி. ராமன் 1907-ல் கல்கத்தாவில் உதவி அக்கவுண்டன்ட் ஜெனரலாக உத்தியோகத்தில் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது பத்தொன்பது கூட ஆகவில்லை. ஏ.ஜி. ஆபீஸில் வேலை பார்த்தவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். அந்த வேலையின் கனம் உங்களுக்குத் தெரியும். பௌபஜார் தெருவில் இருந்த இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தில், ஆபீஸுக்குப் போகும் முன்பும், ஆபீஸ் விட்ட பிறகும் ஆராய்ச்சி செய்தார். நடுவில் ரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றல் ஆனது. அப்படியும் விடவில்லை. பத்து வருஷம் இப்படி நடந்த பிறகு, 1917-ல் கல்கத்தா சர்வகலாசாலையில் பேராசிரியர் பதவியைச் சம்பளம் குறைவு என்று தெரிந்தும் ஏற்றுக்கொண்டார். 1928 பிப்ரவரி 28-ல் ராமன் விளைவு, 1930-ல் நோபல் பரிசு. ஒருமுகப்பட்ட மனம் என்ன சாதிக்கும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

அதே ராமன் 1933-ல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் முதல் இந்திய இயக்குநர் ஆனார். அங்கே கதை வேறு மாதிரி போயிற்று. பௌதிகத் துறைக்கு அவர் கொடுத்த முன்னுரிமையும், அவருடைய வேகமும் மற்றத் துறைக்காரர்களுக்கு மனத்தாங்கலை உண்டாக்கின. கழகத்தின் நிலையை ஆராய ஒரு குழு போடப்பட்டது. 1937-ல் இயக்குநர் பதவியை விட்டு, பேராசிரியராக மட்டும் 1948 வரை தொடர்ந்தார். நியாயம் எந்தப் பக்கம் எவ்வளவு என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. அந்த மேதையின் கால் தூசிக்கு நாம் ஆக மாட்டோம். ஆனால் ஒன்று மட்டும் தெரிகிறது. ஆய்வுக்கூடத்தில் ஒருவரை உயர்த்துகிற அதே குணம், இயக்குநர் நாற்காலியில் தனியாக நின்றால் போதாது.

இனி நான் நேரில் பார்த்த மூன்று மேலதிகாரிகளைப் பற்றிச் சொல்கிறேன். பெயரும் ஊரும் வேண்டாம்.

முதலாமவர் மகா புத்திசாலி. கணக்கில் புலி. அவர் எழுதும் நோட்டிங்கில் ஒரு வார்த்தை கூட அதிகம் இருக்காது. அவர் அறைக் கதவு திறந்தேதான் இருக்கும், யாரும் போகலாம். ஆனால் போனால் தலை நிமிராது. "ம், சொல்லுங்கோ" என்பார்; பேனா ஓடிக்கொண்டே இருக்கும். எங்கள் செக்‌ஷனில் ஒரு யு.டி.சி., அவர் மனைவிக்கு உடம்பு சரியில்லை. சொந்த ஊர்ப் பக்கம் மாற்றல் கேட்பதற்காக மூன்று தடவை அந்த அறைக்குள் போனார். மூன்று தடவையும் "பார்க்கலாம்" என்ற பதில். நான்காம் தடவை அவர் போகவில்லை. நீண்ட லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போனவர், அங்கிருந்தே ராஜினாமாவை அனுப்பிவிட்டார். ராஜினாமாவைப் படித்த அதிகாரிக்கு உண்மையாகவே ஆச்சரியம். "என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. மூன்று தடவை சொன்னது அவர் காதில் விழவே இல்லை.

விளைவு அதோடு நிற்கவில்லை. யாரும் அவரிடம் எதையும் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். வருடாந்திர ஸ்டேட்மெண்டில் ஒரு தப்பு இருப்பது இரண்டு பேருக்குத் தெரியும். இருவரும் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் அது ஆடிட் ஆட்சேபணையாக வந்து நின்றது. நிமிர்ந்து பார்க்காதவருடைய ஆழ்ந்த வேலையும் கடைசியில் பழுதாகிவிடும். செய்தி வரும் வழி அடைபட்டுப் போகிறதல்லவா?

இரண்டாமவர் நேர் எதிர். தங்கமான மனுஷர். காலை பத்து மணி முதல் அவர் அறையில் கூட்டம்தான். வருகிறவர்களுக்கெல்லாம் டீ. பெண்ணுக்கு வரன், பையனுக்கு அட்மிஷன் என்று யார் என்ன சொன்னாலும் பொறுமையாகக் கேட்பார். எல்லோருக்கும் அவரைப் பிடிக்கும். ஆனால் அவர் மேஜையில் ஒரு குடும்ப ஓய்வூதிய ஃபைல் பதினான்கு மாதம் கிடந்தது. சர்வீஸில் இருக்கும்போதே காலமான ஒரு ஊழியரின் மனைவிக்கு வர வேண்டிய பணம். சர்வீஸ் புக்கில் இரண்டு வருஷத்துக்கு சர்வீஸ் சரிபார்த்த பதிவு இல்லை. அதை நிமிர்த்த ஒருவர் இரண்டு நாள் உட்கார வேண்டும். அவருக்குத் தொடர்ச்சியாக அரை மணி நேரம் கூடக் கிடைக்கவில்லை. யார் வந்தாலும் ஃபைலை மூடி வைத்துவிடுவார். அது அப்படியே மூடியே இருந்தது.

மூன்றாமவர் இவருக்கு அடுத்து வந்தார். அவர் செய்த முதல் காரியம், பியூனைக் கூப்பிட்டு ஒரு விதி சொன்னது. பத்து மணி முதல் பன்னிரண்டு வரை கதவு மூடியிருக்கும். மூன்று காரணங்களுக்கு மட்டும் தட்டலாம்: ஊழியர் வீட்டில் சாவு அல்லது ஆஸ்பத்திரி, பார்லிமெண்ட் கேள்வி, மேலிடத்திலிருந்து அவசர அழைப்பு. மாலை மூன்றரை முதல் நாலரை வரை கதவு திறந்திருக்கும். யு.டி.சி.யோ பியூனோ யாரும் சீட்டுக் கொடுக்காமல் உள்ளே போகலாம். நாம் போய் உட்கார்ந்ததும் பேனாவை மூடி, ஃபைலைத் தள்ளி வைத்துவிட்டு முகத்தைப் பார்ப்பார். ஐந்து நிமிஷம்தான். ஆனால் அந்த ஐந்து நிமிஷமும் முழுக்க நம்முடையது. முடியாது என்றால் முடியாது என்றே சொல்வார். அப்போதும் வெளியே வரும்போது மனசு லேசாக இருக்கும்.

அந்த ஓய்வூதிய ஃபைலை அவர் வந்த இரண்டாம் வாரத்தில் எடுத்தார். இரண்டு நாள் காலை வேளையில், பழைய சம்பளப் பட்டியல்களையும் அக்விட்டன்ஸ் ரோல்களையும் ரெக்கார்ட் ரூமிலிருந்து வரவழைத்து, மாதம் மாதமாகச் சரிபார்த்தார். தூசி தட்டிப் பக்கம் புரட்டியவன் நான். அந்த இரண்டு நாளும் வெளியே வந்து காத்திருந்தவர்களுக்கு அவர் கிடைக்கவில்லை. ஆனால் வேறு எங்கோ ஒரு ஊரில், எங்கள் ஆபீஸ் படியை மிதித்தே இராத ஒரு அம்மாவுக்கு அவர் கிடைத்தார். அந்த அம்மா அவரைப் பார்த்ததே இல்லை. அடுத்த சில வாரங்களில் ஓய்வூதிய ஆணை போயிற்று.

அன்றிலிருந்து நான் நம்புகிற ஒரு விஷயம் இது. நாம் ஆழ்ந்த வேலை ஒரு பக்கம், மனிதர்கள் ஒரு பக்கம் என்று பிரித்துப் பேசுகிறோம். அது சரியில்லை. ஃபைலுக்குள்ளும் ஒரு மனுஷர் இருக்கிறார். எதிரே உட்கார்ந்திருப்பவர் பேசுவார். ஃபைலுக்குள் இருப்பவர் பேச மாட்டார். பொறுப்பில் உள்ளவர் இருவருக்கும் கடன்பட்டவர். கதவை மூடுவது கண்ணுக்குத் தெரியாதவருக்குக் காது கொடுப்பதற்காக. திறப்பது கண்ணெதிரே இருப்பவருக்காக. இரண்டுக்கும் வேண்டிய சக்தி ஒன்றேதான், சிதறாத கவனம்.

பெரிய அளவில் இதைச் செய்து காட்டியவர் பேராசிரியர் சதீஷ் தவன். ராமன் அமர்ந்த அதே பெங்களூர்க் கழக இயக்குநர் நாற்காலியில் 1962-ல் அமர்ந்தவர். காற்றியக்கவியலில் அடிப்படை ஆராய்ச்சி செய்தவர். விக்ரம் சாராபாய் 1971 டிசம்பர் 30-ல் திடீரென்று காலமானபோது, தவன் விடுப்பில் அமெரிக்காவில் கால்டெக்கில் இருந்தார். விண்வெளித் திட்டத்தின் தலைமையை ஏற்கும்படி பிரதமர் இந்திரா காந்தி அழைத்தார். தவன் சம்மதித்தார், ஆனால் விஞ்ஞானக் கழக இயக்குநராகவும் தாம் தொடர வேண்டும், விண்வெளித் திட்டத்தின் தலைமையகம் பெங்களூரில் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். இரண்டும் ஏற்கப்பட்டன. 1972-ல் பொறுப்பேற்றார். 1981 வரை இரண்டு நாற்காலிகளையும் சேர்த்தே பார்த்தார். இஸ்ரோ தலைமை 1984 வரை.

எப்படி முடிந்தது? எல்லாவற்றையும் தாமே பார்க்கவில்லை என்பதுதான் பதில். திருவனந்தபுரம் மையத்துக்கு பிரம்ம பிரகாஷ், ஆமதாபாத் மையத்துக்கு யஷ்பால், செயற்கைக்கோள் பணிக்கு யு.ஆர். ராவ், எஸ்.எல்.வி.-3 ராக்கெட்டுக்கு அப்துல் கலாம் என்று பொறுப்புகளைத் தகுதியானவர்களிடம் ஒப்படைத்தார். ஒப்படைத்தார் என்றால் கைகழுவினார் என்று அர்த்தமில்லை. அது 1979-ல் தெரிந்தது.

அந்த வருஷம் ஆகஸ்ட் 10-ந் தேதி எஸ்.எல்.வி.-3-இன் முதல் சோதனை. கிளம்பிய சில நிமிஷங்களில் ராக்கெட் வங்காள விரிகுடாவில் விழுந்தது. பல வருஷ உழைப்பு, பொதுமக்கள் பணம், நாடே பார்த்துக்கொண்டிருக்கிறது. பத்திரிகையாளர்கள் முன்னால் யார் போய் நிற்பது? திட்ட இயக்குநர் கலாம்தான் நிற்க வேண்டும் என்று நினைக்கலாம். தவன் தாமே போய் நின்றார். தோல்விக்குத் தாம் பொறுப்பேற்று, தம் குழுவின் மீது நம்பிக்கை இருப்பதாகச் சொன்னார். 1980 ஜூலை 18-ல் அடுத்த ராக்கெட் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் வைத்தது. அன்று பத்திரிகையாளர்களைச் சந்திக்கக் கலாமை அனுப்பினார். கலாம் பிற்காலத்தில் மேடைக்கு மேடை இதைச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

எனக்கு அதைவிடப் பிடித்தது இன்னொரு சின்ன விஷயம். கலாம் தம் 'அக்னிச் சிறகுகள்' சுயசரிதையில் சொல்கிறார். தோல்வி அடைந்த அன்று, பல நாள் தூக்கமில்லாமல் களைத்துப்போய்ப் படுத்துவிட்டார். பிற்பகல் கடந்த நேரத்தில் பிரம்ம பிரகாஷ் வந்து மெதுவாக எழுப்பி, சாப்பிடப் போகலாமா என்று அழைத்தார். விசாரணை எதுவும் அப்போது செய்யவில்லை. பிரம்ம பிரகாஷ் பெரிய உலோகவியல் நிபுணர். எது எங்கே உடைந்தது என்று கேட்க அவருக்குத் தெரியாதா? அந்த நேரத்துக்கு வேண்டியது சாப்பாடு என்று அவருக்குத் தெரிந்தது.

விசாரணையும் பின்னால் நடக்காமல் இல்லை. நுணுக்கமாக ஆராய்ந்து, இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பில் ஒரு வால்வு சரியாக மூடாமல் அமிலம் கசிந்து வீணானதைக் கண்டுபிடித்தார்கள். அந்த ஆராய்ச்சி இல்லாமல் 1980-இன் வெற்றி இல்லை. அன்று அழைத்துப் போன சாப்பாடு இல்லாவிட்டால், அந்த ஆராய்ச்சியில் மனிதர்கள் மனம் திறந்து பேசியிருப்பார்களா என்பது சந்தேகம்தான்.

சரி, ராக்கெட் விடுகிறவர்களுக்கு இதெல்லாம் சரி, நமக்கு என்ன என்று கேட்கலாம். நமக்கும் உண்டு.

நம் தாத்தாக்கள் காலத்தை யோசித்துப் பாருங்கள். "தாத்தா ஜபத்தில் இருக்கார்" என்றால் வீட்டில் யாரும் கூப்பிட மாட்டார்கள், யாரும் வருத்தப்படவும் மாட்டார்கள். ஏன்? ஜபம் எப்போது முடியும் என்று குழந்தைக்குக் கூடத் தெரியும். முடிந்ததும் திண்ணைக்கு வந்துவிடுவார். ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் பொதுவாக உட்கார்ந்திருப்பார். மூடிய கதவு யாரையும் புண்படுத்தாது. எப்போது திறக்கும் என்று தெரியாத கதவுதான் புண்படுத்தும்.

இன்று கையில் செல்ஃபோன் இருக்கிறது. கதவு என்பதே இல்லாமல் போய்விட்டது. கணக்கு எழுதும்போது வாட்ஸ்அப் கூப்பிடுகிறது. பேரன் பள்ளிக்கூடக் கதை சொல்லும்போது நம் கண் திரையில் இருக்கிறது. நான் சொன்ன முதல் அதிகாரியின் ஓடுகிற பேனா இப்போது நம் எல்லோர் கையிலும் இருக்கிறது.

நம் சங்கத்துக்கு வருகிறேன். பல ஊர்க் கிளைகளில் இன்று மூத்த அங்கத்தினர்கள் தனியாகவோ, தம்பதியாகவோ இருக்கிறார்கள். பிள்ளைகள் வெளிநாட்டில். அவர்களில் ஒரு மாமி செயலாளருக்கு ஃபோன் செய்து "சந்தா எவ்வளவு?" என்று கேட்டால், பல சமயம் கேட்க நினைப்பது சந்தாவை அல்ல. மூன்று கூட்டத்துக்குத் தொடர்ந்து வராத ஒரு மாமாவின் பெயர் வருகைப் பதிவேட்டில் இருக்காது. இல்லாத பெயரைக் கவனிக்கத்தான் கவனம் வேண்டும். அதே சமயம், கல்வி உதவிக்கு விண்ணப்பித்துவிட்டு ஃபீஸ் கட்டும் தேதியை எண்ணிக்கொண்டிருக்கும் ஒரு ஏழைக் குழந்தையும் நம் பீரோவில் உள்ள ஃபைலுக்குள் இருக்கிறது. பேசிப் பேசி அந்த ஃபைலைத் தள்ளிப் போட்டால் அந்தக் குழந்தைக்கு ஒரு வருஷம் போய்விடும்.

ஆகவே கிளைப் பொறுப்பாளர்களுக்குச் சில யோசனைகளை முன்வைக்கிறேன்.

முதலாவது, வாரத்தில் ஒரு நாள் இரண்டு மணி நேரத்தை விண்ணப்பங்களுக்கும் கணக்குக்கும் என்று ஒதுக்குங்கள். அப்போது ஃபோன் அடுத்த அறையில் இருக்கட்டும்.

இரண்டாவது, தினமும் ஒரு குறிப்பிட்ட நேரத்தை, மாலை ஐந்திலிருந்து ஆறு என்று வைத்துக்கொள்வோம், அங்கத்தினர்களுக்கு என்று அறிவியுங்கள். அந்த நேரத்தில் கட்டாயம் எடுங்கள். வேறு நேரத்தில் எடுக்காவிட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

மூன்றாவது, அவசரத்துக்கு இன்னொருவர் எண்ணும் இருக்கட்டும். ஆஸ்பத்திரி, மரணம், ஒரு பெரியவர் கீழே விழுந்துவிட்டார் போன்ற காரணங்களுக்கு எந்த நேரத்திலும் கதவைத் தட்டலாம் என்பதையும் சொல்லிவிடுங்கள். ஒரே ஆள் எல்லாவற்றையும் தூக்கக்கூடாது. தவன் தூக்கவில்லை.

நான்காவது, யாராவது பேச வந்தால் பேனாவை மூடுங்கள். ஐந்து நிமிஷம்தான் இருக்கிறது என்றால் அதைச் சொல்லிவிட்டு, அந்த ஐந்து நிமிஷத்தை முழுசாகக் கொடுங்கள்.

ஐந்தாவது, தவறு நடந்தால் கூட்டத்தின் முன்னால் நீங்கள் நில்லுங்கள். நன்றாக நடந்தால் செய்த இளைஞரை மேடைக்கு அனுப்புங்கள். இளைஞர்கள் சங்கத்துக்கு வருவதில்லை என்று எல்லாக் கிளையிலும் குறைப்படுகிறோம். வந்தவர்களை நாம் எங்கே நிறுத்தினோம் என்பதையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

வெள்ளெழுத்துக்கு வைத்தியர்கள் பைஃபோகல் கண்ணாடி கொடுக்கிறார்கள். மேல் பாதி தூரத்துக்கு, கீழ்ப் பாதி படிப்பதற்கு, நடுவே ஒரு கோடு. போட்ட முதல் வாரம் மாடிப்படி இறங்கும்போது கொஞ்சம் தடுமாறும். பிறகு பழகிவிடும். நேரத்திலும் அப்படி ஒரு கோடு போட்டுக்கொள்ள வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள். எழுபது வயதிலும் பழகிக்கொள்ளலாம், கஷ்டமே இல்லை.